முள்வேலிப் படங்கள்: ஒரே அளவுகோல் வேண்டும்

ஒவ்வொரு ஆண்டும் மே மாதம் வந்தால் தாராவியின் தமிழர் குடியிருப்புகளில் முள்ளிவாய்க்கால் நினைவுச் சுவரொட்டிகள் தலைகாட்டுகின்றன. அவற்றில் தவறாமல் இடம்பெறும் படம் ஒன்று உண்டு. முள்கம்பி வேலிக்குப் பின்னால் மக்கள் கூட்டம், வரிசை வரிசையாக வெள்ளைக் கூடாரங்கள், கம்பியைப் பற்றியபடி வெளியே பார்க்கும் குழந்தைகள். 2009இல் வவுனியா மாவட்டம் செட்டிகுளத்தின் மெனிக் பண்ணை முகாமிலிருந்து வெளிவந்த படங்கள் இவ்வகையானவை. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் சுவரொட்டி குறைவு. அங்கே இதே படங்கள் கைபேசிகளில் சுற்றுகின்றன.

பார்க்கிறவர் நெஞ்சு பதைக்கிறது. அது நியாயமான பதைப்பு. ஆனால் பதைப்போடு நின்றுவிடும் படம், அடுத்த ஆண்டு சுவரொட்டிக்கு மட்டுமே பயன்படும். அந்த வேலி எதைச் சொல்கிறது, அதைப் படம் பிடித்தவர் யார், படம் வெளிவந்த பிறகு என்ன நடந்தது, அதே வேலி நம் நாட்டில் எங்கெல்லாம் நிற்கிறது என்ற கேள்விகளை உழைக்கும் மக்கள் கேட்டாக வேண்டும்.

மும்பைக்குத் தெரிந்த சொல்

'கேம்ப்' என்பது மும்பைத் தமிழருக்கு அந்நியமான சொல் அன்று. பிரிவினையின்போது சிந்துவிலிருந்து வந்த அகதிகள் குடியமர்ந்த பகுதி இன்றும் செம்பூர் கேம்ப் என்றே அறியப்படுகிறது. கல்யாணில் இருந்த ராணுவ முகாம் அகதிகள் முகாமாகி, பிறகு உல்லாஸ்நகர் என்ற நகரமானது. 1976இல், நெருக்கடி நிலைக் காலத்தில், பாபா அணு ஆராய்ச்சி மையத்தை அடுத்திருந்த ஜனதா காலனி இடித்துத் தள்ளப்பட்டது. அங்கே வாழ்ந்த தமிழர் உள்ளிட்ட பல்லாயிரம் ஏழை மக்கள் டிராம்பேயில் கொண்டுபோய்க் கொட்டப்பட்டனர். அந்த இடம்தான் இன்றைய சீத்தா கேம்ப். அந்த வெளியேற்றத்தை எதிர்த்துப் போராடிய ஜோக்கின் அற்புதம் பின்னாளில் நாடு முழுவதுமுள்ள குடிசைவாழ் மக்களின் அமைப்பாளராக உயர்ந்தவர்.

இந்த கேம்ப்கள் எல்லாம் துயரத்தில் பிறந்தவை. ஆயினும் அவற்றில் வாழ்ந்தவர்கள் காலையில் வேலைக்குப் போனார்கள்; மாலையில் திரும்பினார்கள்; சங்கம் சேர்ந்தார்கள்; ஊர்வலம் போனார்கள். முகாமுக்கும் சிறைமுகாமுக்கும் உள்ள வேறுபாடு இதுதான். கூரை தகரமா கூடாரமா, சோறு கிடைக்கிறதா இல்லையா என்பதில் அந்த வேறுபாடு இல்லை. வாசலில் துப்பாக்கியோடு நிற்பவன் உள்ளே இருப்பவரை வெளியே விடுகிறானா என்பதில்தான் இருக்கிறது. குற்றம் சுமத்தாமல், நீதிமன்றத்தில் நிறுத்தாமல், 'இன்னார்' என்ற ஒரே காரணத்துக்காக மனிதரை அடைத்து வைக்கும் இடம் எந்தப் பெயரில் இருந்தாலும் சிறைமுகாம்தான்.

செட்டிகுளத்தில் நடந்தது

2009 மே மாதம் போர் முடிந்தபோது வன்னியிலிருந்து வெளியேறிய ஏறத்தாழ 2,80,000 தமிழ் மக்கள் ராணுவக் காவலுள்ள முகாம்களில் அடைக்கப்பட்டனர். பெரும்பகுதியினர் மெனிக் பண்ணையில் இருந்தனர். இலங்கை அரசு அதற்கு இட்ட பெயர் 'நலன்புரி கிராமம்'. முகாமின் வலயங்களுக்கு ராமநாதன், அருணாசலம், ஆனந்த குமாரசுவாமி, கதிர்காமர் என்று தமிழ்ப் பெரியோர் பெயர்களைச் சூட்டினார்கள். கலைக்காகவே வாழ்நாளைச் செலவிட்ட குமாரசுவாமியின் பெயர் ஒரு முள்வேலி வாசலில் தொங்கியது. பேரினவாதம் தான் அடைத்து வைத்த மக்களுக்கு அவர்களுடைய முன்னோர் பெயரையே பூட்டாகப் போட்டது.

அடைக்கப்பட்டவர்களில் கைக்குழந்தைகள் இருந்தார்கள், முதியோர் இருந்தார்கள், கர்ப்பிணிகள் இருந்தார்கள். அவர்கள்மீது எந்த வழக்கும் இல்லை. புலிகள் இயக்கத்தவர் என்று சந்தேகிக்கப்பட்ட பதினோராயிரத்துக்கும் மேற்பட்டோர் தனியே பிரிக்கப்பட்டு, 'புனர்வாழ்வு' என்ற பெயரில் வேறு முகாம்களுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். எஞ்சியோருக்கும் வெளியேற உரிமை இல்லை. மே 23 அன்று முகாமுக்கு வந்த ஐ.நா. பொதுச் செயலாளர் பான் கி மூன், தாம் கண்டவற்றிலேயே மிகக் கொடிய காட்சிகள் என்று சொல்லும் நிலை இருந்தது. கட்டுப்பாடுகளுடன்கூடிய நடமாட்டமே டிசம்பர் முதல் நாள்தான் அனுமதிக்கப்பட்டது. முகாம் மூடப்பட்டது 2012 செப்டம்பரில். கடைசியாக வெளியேறிய கேப்பாப்பிலவு மக்கள் அப்போதும் சொந்த ஊருக்குப் போக முடியவில்லை; ஊரில் ராணுவம் குடியிருந்தது.

இந்த உண்மையை உலகம் எப்படி அறிந்தது? ராணுவம் அழைத்துச் சென்ற சுற்றுலாக்களில் எடுத்த படங்கள் ஒருபுறம். வேலிக்கு இப்பால் நின்று, அனுமதிக்கப்பட்ட நேரத்தில், அனுமதிக்கப்பட்ட கோணத்தில் எடுத்தவை அவை. மறுபுறம், பிரிட்டனின் சேனல் 4 செய்தியாளர்கள் ரகசியமாகப் படமெடுத்து மே தொடக்கத்தில் ஒளிபரப்பிய காட்சிகள். உணவுக்கும் தண்ணீருக்குமான தட்டுப்பாட்டையும் பெண்கள்மீதான வன்முறை பற்றிய குற்றச்சாட்டுகளையும் அவை வெளிக்கொண்டு வந்தன. சில நாட்களில் அந்தக் குழு நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டது. குழந்தைகளின் நிலை பற்றிப் பேசிய யுனிசெஃப் செய்தித் தொடர்பாளரும் அதே ஆண்டு செப்டம்பரில் வெளியேற உத்தரவிடப்பட்டார். நலன்புரி கிராமம் என்று பெயர் வைத்த அரசுக்கு ஒரு சிறு கேமரா ஏன் அத்தனை அச்சத்தைத் தந்தது? அந்தக் கேள்வியிலேயே விடை இருக்கிறது.

கேமரா யார் கையில்?

உள்நாட்டுப் போர்களின் சிறைப் படங்களைக் கூர்ந்து பார்த்தால், அவற்றில் மிகக் கொடியவை வெளியாட்கள் எடுத்தவை அல்ல என்பது புலப்படும். அவை அடைத்தவர்களே எடுத்தவை.

கைகள் கட்டப்பட்டு, ஆடை களையப்பட்ட மனிதர்கள் சுட்டுக் கொல்லப்படும் காட்சியை 2009 ஆகஸ்டில் சேனல் 4 ஒளிபரப்பியது. அது படைவீரர் ஒருவரின் கைபேசியில் பதிவானதாகக் கூறப்பட்டது. 2013 பிப்ரவரியில் வெளியான இரண்டு படங்களைத் தமிழ்நாடு மறக்கவில்லை. மணல்மூட்டைக் காவலரணில் உட்கார்ந்து எதையோ தின்றுகொண்டிருக்கும் 12 வயதுச் சிறுவன் பாலச்சந்திரன். அடுத்த படத்தில் மார்பில் குண்டுக் காயங்களோடு அவன் சடலம். பிரபாகரனின் மகன் என்பதைத் தவிர அந்தச் சிறுவன் செய்த குற்றம் எதுவும் இல்லை. வெற்றிக் கோப்பையைப் போலச் சேர்த்து வைக்கப்பட்ட படம், எடுத்தவர்களுக்கு எதிரான சாட்சியமாக மாறியது. அடுத்த மாதமே தமிழ்நாட்டு மாணவர்கள் வகுப்புகளைப் புறக்கணித்துத் தெருவில் இறங்கினார்கள்.

சிரியாவில் நடந்தது வேறு விதம். ராணுவக் காவல்துறையின் புகைப்படக்காரர் ஒருவர், காவலில் இறந்தவர்களின் உடல்களை எண் எழுதிப் படமெடுக்கும் வேலையில் இருந்தார். அலுவலகக் கோப்புக்காக எடுத்த அந்தப் படங்களின் பிரதிகளைக் கடத்தி வெளியே கொண்டுவந்தார். 'சீசர்' என்ற மறைபெயரில் உலகம் அவரை அறிந்தது. அவர் கொண்டுவந்த படங்களில் குறைந்தது 6,786 பேர் காவலில் இறந்தவர்கள் என்று மனித உரிமைக் கண்காணிப்பகம் கணக்கிட்டது. கொலையையும் கோப்பில் ஏற்றி வைக்கும் அரசு எந்திரத்தின் பழக்கம், அந்த எந்திரத்தையே காட்டிக்கொடுத்தது.

இவற்றுக்கு நேரெதிராக இன்னொரு வகைப் படம் உண்டு. 2017 பிப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் தொடர் போராட்டம் தொடங்கினார்கள். அவர்கள் கையில் இருந்தவை சாதாரணப் படங்கள். பள்ளிச் சீருடையில் ஒன்று, திருமணத்தன்று எடுத்தது ஒன்று, அடையாள அட்டைக்காக எடுத்தது ஒன்று. இறுதி நாட்களில் ராணுவத்திடம் தங்கள் கையாலேயே ஒப்படைத்த பிள்ளைகள் எங்கே என்று அந்தத் தாய்மார் கேட்கிறார்கள். ரத்தமோ முள்வேலியோ இல்லாத இந்தப் படங்களுக்குத்தான் இன்றுவரை எந்த அரசிடமும் பதில் இல்லை.

நீதிமன்றம் இல்லாத சாட்சியம்

ஒரு படம் எப்போது சாட்சியமாகிறது என்பது மும்பை மக்களுக்குத் தெரியும். 2008 நவம்பர் 26 இரவு சி.எஸ்.டி. ரயில் நிலையத்தில் துப்பாக்கியோடு நின்ற கசாபை உயிரைப் பணயம் வைத்துப் படமெடுத்தார் செபாஸ்டியன் டிசூசா. அந்தப் படம் விசாரணையில் சாட்சியமானது. அவரும் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். படம் வலிமை பெற்றதற்குக் காரணம் அதை ஏற்று விசாரிக்க ஒரு நீதிமன்றம் இருந்ததுதான்.

சிரியப் படங்களுக்கு ஜெர்மனியின் கோப்லென்ஸ் நகரில் அப்படி ஒரு நீதிமன்றம் கிடைத்தது. சிரிய உளவுத்துறை அதிகாரி ஒருவருக்கு 2022 ஜனவரியில் அங்கே ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. ஈழத்தின் படங்களுக்கு அப்படி எதுவும் கிடைக்கவில்லை. 2011இல் ஐ.நா. நிபுணர் குழு, இறுதிப் போரில் 40,000 வரை பொதுமக்கள் இறந்திருக்கக்கூடும் என்றது. 2015இல் வெளிநாட்டு நீதிபதிகளும் பங்கேற்கும் நீதிப் பொறிமுறைக்கு இலங்கை அரசு ஒப்புக்கொண்டது. 2020இல் அந்தத் தீர்மானத்திலிருந்தே விலகிக்கொண்டது. படங்கள் குவிந்துகிடக்கின்றன, விசாரணை மன்றம்தான் இல்லை. மெனிக் பண்ணைப் படங்கள் சுவரொட்டிகளிலேயே தங்கிவிட்டதற்கு இதுவே காரணம்.

'யாருக்கு லாபம்?' என்ற கேள்வி

இடதுசாரிகளுக்கு இங்கே ஒரு சோதனை உண்டு. போர்க் கொடுமைப் படங்களை ஏகாதிபத்தியம் தன் நோக்கத்துக்குப் பயன்படுத்தும் என்பது உண்மை. சீசர் படங்களின் பெயரிலேயே அமெரிக்கா 2019இல் தடைச் சட்டம் இயற்றியது. அந்தத் தடையின் சுமையைத் தாங்கியவர்கள் சிரியாவின் ஏழைகள். அபு கிரைப் சிறையில் இராக்கியரைச் சித்திரவதை செய்து, சிரித்தபடி படம் எடுத்துக்கொண்டவர்கள் அதே அமெரிக்காவின் படைவீரர்கள். மனித உரிமை பற்றி வாஷிங்டனிடம் பாடம் கேட்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

ஆனால் இந்த உண்மையிலிருந்து 'ஆகவே படம் பொய்' என்ற முடிவுக்குத் தாவுவது பேராபத்து. 1992 ஆகஸ்டில் பொஸ்னியாவின் டிர்னோபோல்யே முகாமில், முள்கம்பிக்குப் பின்னே எலும்பும் தோலுமாக நின்ற இளைஞரின் காட்சியை பிரிட்டனின் ஐ.டி.என். ஒளிபரப்பியது. அது உலகை உலுக்கியது. ஐந்து ஆண்டுகள் கழித்து, 'லிவிங் மார்க்சிசம்' என்ற பெயரில் தொடங்கிய ஒரு பிரிட்டிஷ் இதழ், அந்தக் காட்சி உலகை ஏமாற்றிய படம் என்று எழுதியது. அவதூறு வழக்கில் 2000 மார்ச்சில் தோற்றது, இதழும் மூடப்பட்டது. அதற்கு அடுத்த ஆண்டு, அதே பகுதியின் ஓமார்ஸ்கா முகாமில் நடந்த கொடுமைகளுக்காக ஐந்து பேரைப் பன்னாட்டுத் தீர்ப்பாயம் தண்டித்தது. மார்க்சின் பெயரை அட்டையில் தாங்கிய ஓர் இதழ், அடைக்கப்பட்டவர்களின் பக்கம் நிற்காமல் வேலியின் பக்கம் நின்றது. யாருக்கு லாபம் என்ற கேள்வி அவசியமானது. அது உண்மையா என்ற கேள்விக்குப் பிறகு கேட்கப்பட வேண்டியது.

2009 மே 27 அன்று ஐ.நா. மனித உரிமைக் கவுன்சிலில் நடந்ததையும் இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். இலங்கை அரசு தானே முன்வைத்துத் தன்னைப் பாராட்டிக்கொண்ட தீர்மானம் 29 வாக்குகள் பெற்று நிறைவேறியது. எதிர்த்தவை 12 நாடுகள். ஆதரித்தவற்றில் இந்தியாவும் பாகிஸ்தானும் ஒன்றாக இருந்தன. சீனா, ரஷ்யாவோடு கியூபாவும் இருந்தது. மேற்கு நாடுகளின் இரட்டை வேடத்தை எதிர்ப்பது ஒன்று. ஏறத்தாழ மூன்று லட்சம் மக்கள் வேலிக்குள் இருந்த அதே வாரத்தில் அடைத்தவருக்குப் பாராட்டு வழங்குவது வேறு. ஏகாதிபத்திய எதிர்ப்பு என்பது எந்த ஒடுக்குமுறை அரசுக்கும் கேடயமாக முடியாது.

அதே அளவுகோல் புலிகளுக்கும் பொருந்தும். இறுதிப் போரில் மக்களைப் போர்ப் பகுதியை விட்டு வெளியேற விடாமல் தடுத்ததையும், தப்பிச் சென்றவர்களைச் சுட்டதையும், சிறுவர்களைக் கட்டாயமாகப் படையில் சேர்த்ததையும் ஐ.நா. நிபுணர் குழு பதிவு செய்திருக்கிறது. 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து பல்லாயிரம் முஸ்லிம் மக்கள் விரட்டப்பட்டார்கள். துணுக்காயில் புலிகள் நடத்திய வதைமுகாமில் அடைபட்டவர்கள் தமிழர்களே. அந்த முகாமின் படம் எந்தச் சுவரொட்டியிலும் இடம்பெறுவதில்லை. படம் இல்லாத முகாமும் முகாம்தான்.

நம் வீட்டு வேலிகள்

மெனிக் பண்ணைக்காகக் கண்ணீர் விட்ட தமிழ்நாட்டு ஆட்சியாளர்கள், அதே ஈழத்தமிழருக்குத் தம் மண்ணில் 'சிறப்பு முகாம்' வைத்திருந்தார்கள், வைத்திருக்கிறார்கள். வேலூர், செங்கல்பட்டு, பூந்தமல்லி என்று இடம் மாறி, இப்போது திருச்சி மத்தியச் சிறை வளாகத்தில் அது இருக்கிறது. அயல்நாட்டார் தொடர்பான சட்டத்தின்கீழ் ஓர் உத்தரவு போதும். தண்டனை முடிந்தவரையும் பிணை பெற்றவரையும்கூட அங்கே வைத்துக்கொள்ளலாம். கழக ஆட்சிகள் மாறி மாறி வந்தன. சிறப்பு முகாம் மாறவில்லை. நலன்புரி கிராமம், சிறப்பு முகாம் என்ற இரு பெயர்களிலும் ஒரே ஆளும் வர்க்க மூளை வேலை செய்கிறது.

ராஜீவ் கொலை வழக்கில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சிறையில் இருந்த சாந்தனை 2022 நவம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது. விடுதலையான மனிதர் வீட்டுக்குப் போகவில்லை. திருச்சி சிறப்பு முகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டார். பதினைந்து மாதங்கள் கழித்து, 2024 பிப்ரவரி 28 அன்று சென்னை மருத்துவமனையில் இறந்தார். ஊருக்குப் போய்த் தாயைப் பார்க்க வேண்டும் என்ற அவருடைய வேண்டுகோள், சடலம் ஊர் போய்ச் சேர்ந்த பிறகுதான் நிறைவேறியது. நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் திறந்த கதவை ஒரு நிர்வாக உத்தரவு மூடிவைத்த கதை இது.

அசாமில் 2019 ஆகஸ்ட் 31 அன்று வெளியான குடிமக்கள் பதிவேடு 19 லட்சத்துக்கும் மேற்பட்டோரை வெளியே நிறுத்தியது. கோல்பாரா மாவட்டத்தின் மாட்டியாவில் 3,000 பேரை அடைக்கும் அளவில் கட்டப்பட்ட தடுப்பு மையத்துக்கு 'இடைத்தங்கல் முகாம்' என்று பெயர். அதே 2019இல் நவி மும்பையின் நேருலில் தடுப்பு மையம் அமைக்க மகாராஷ்டிர அரசு சிட்கோவிடம் நிலம் கேட்டது. செம்பூரிலிருந்து வாஷி பாலத்தைக் கடந்தால் எட்டிவிடும் தூரம். 2025இல் மும்பை வட்டாரத்தில் பிடிக்கப்பட்ட வங்காள மொழி பேசும் தொழிலாளர் சிலர், இந்தியக் குடிமக்களாக இருந்தும், வங்கதேச எல்லைக்கு அப்பால் தள்ளப்பட்டார்கள். மேற்கு வங்க அரசு தலையிட்ட பிறகே திரும்ப முடிந்தது. மொழியையும் மதத்தையும் பார்த்து ஆளைப் பிடித்தார்கள். ஆவணத்தைப் பிறகு பார்த்தார்கள்.

மும்பைத் தமிழருக்கு இது புதிய கதையா? 1966இல் சிவசேனை தொடங்கியபோது அதன் முதல் இலக்கு 'மதராசி'கள். மாட்டுங்காவின் உணவகங்களும் தமிழர் கடைகளும் தாக்கப்பட்டதைப் பார்த்த தலைமுறை இன்னும் இருக்கிறது. அன்று வேட்டியும் லுங்கியும் அந்நியன் அடையாளம். இன்று வங்காள மொழி. தாராவியில் தோல் பதனிட்ட திருநெல்வேலித் தொழிலாளியும், இன்று அதே சந்துகளில் தையல் எந்திரத்தின் முன் குனிந்திருக்கும் மால்டா தொழிலாளியும் பிழைப்புக்காக இந்த நகரத்துக்கு வந்த ஒரே வர்க்கத்தவர். முதலாமவரின் பேரன் இரண்டாமவரைக் காட்டிக்கொடுப்பானாகில், அவன் வீட்டுச் சுவரில் ஒட்டிய செட்டிகுளத்துப் படத்துக்கு அர்த்தம் இல்லை.

அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவு 'எந்த நபரின்' உயிரையும் தனிநபர் சுதந்திரத்தையும் சட்ட முறைப்படியன்றிப் பறிக்கக் கூடாது என்கிறது. அது குடிமக்களை மட்டும் குறிப்பிடவில்லை. செட்டிகுளத்தில் அடைபட்டவர்களுக்காக நாம் கேட்டதும் இந்த உரிமையைத்தான்.

ஆகவே கோரிக்கைகள் தெளிவானவை. இலங்கைப் போர்க் குற்றங்கள்மீது சுதந்திரமான விசாரணையும், காணாமல் ஆக்கப்பட்டோர் பற்றிய முழு உண்மையும் வேண்டும். பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குவதாக வாக்களித்து ஆட்சிக்கு வந்த, தன்னை இடதுசாரி என்று அழைத்துக்கொள்ளும் அனுர குமார திசநாயக்க அரசு அந்த வாக்கை முழுமையாக நிறைவேற்ற வேண்டும். மோடி அரசு ஜெனீவாவில் நடுநிலை என்ற பெயரில் 2021இல் செய்ததுபோல் ஒதுங்கி நிற்பதைக் கைவிட வேண்டும். தமிழ்நாட்டில் சிறப்பு முகாம் மூடப்பட வேண்டும்; ஈழ அகதிகளுக்குக் குடியுரிமை பெறும் வழி திறக்கப்பட வேண்டும். மகாராஷ்டிரத்தில் தடுப்பு மையத் திட்டம் எதுவும் கூடாது; மொழியைக் கேட்டுத் தொழிலாளரைப் பிடிக்கும் வேட்டை நிறுத்தப்பட வேண்டும்.

வரும் மே மாதமும் தாராவியில் அந்தச் சுவரொட்டிகள் ஒட்டப்படும். ஒட்டுகிறவர்கள் திருச்சியின் சிறப்பு முகாமையும் மாட்டியாவின் மதிலையும் அதே சுவரில் ஒட்டட்டும். தமிழ்த் தொழிலாளியும் வங்காளத் தொழிலாளியும் மராத்தித் தொழிலாளியும் ஒரே சங்கத்தில் நின்று கேட்கும்போதுதான் எந்த முகாமின் வாசலும் திறக்கும்.